லோஞ்சைக் காலால் பிடித்தவர்

கார்ட்டூன் படங்களில் ஒரு பகிடி வரும். ஒரு கால் கரையில், ஒரு கால் படகில். படகு விலக விலகக் கால்கள் நீண்டுகொண்டே போகும். அந்தப் பிராணி கீழே ஒருதரம் பார்க்கும், எங்களை ஒருதரம் பார்க்கும், பிறகு தொப்பென்று தண்ணீரில் விழும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற இந்தப் பகிடியை வெளிநாட்டுக்காரர் எவரும் கண்டுபிடிக்கவில்லை. திருகோணமலை இறங்குதுறையில், ஆட்களை ஏற்றிப் போகிற எஞ்சின் படகான காலை லோஞ்சுக்கு முன்னால், மழை வெயில் பாராமல் அதைச் செய்துகாட்டியவர் எங்கள் நங்கூரத்தார்.

இதைப் போன கிழமை சீனி வருத்தக் கிளினிக்கில் வைத்தே அறிவித்துவிட்டேன். விடியப் போய்க் குந்தியிருந்தால் மத்தியானம் பெயர் கூப்பிடுகிற இடம் அது. சுவரில் ஒரு தொலைக்காட்சி, சத்தமில்லாமல் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கதிரைகளில் இருந்த எங்கள் ஒருவருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் கண் வேறெங்கே போகும்? ஒரு பூனை படகுக்கும் கரைக்கும் நடுவில் கிழிபட்டு விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் புல்மோட்டையில் இருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். அவரைத் தட்டி, "இது எங்கட நங்கூரத்தார்ர வேலை" என்றேன்.

"அது நான் சின்னனா இருக்கேக்கயே வந்த படம் ஐயா."

"அப்பிடியெண்டா அவற்ற தகப்பனைப் பாத்துச் செய்திருப்பாங்கள். எந்த நாட்டுக் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வரேல்லை? ஆரோ ஒருத்தன் மேல நிண்டு பாத்திட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான்."

அவர் என்னை முழுசாக ஒருதரம் பார்த்தார். பிறகு மற்றப் பக்கம் திரும்பி நித்திரையானார்.

நங்கூரத்தார் இப்போது கந்தளாயில் மகளோடு இருக்கிறார். பின்னேரம் அவருக்குத் தொலைபேசி எடுத்து, உங்களைப் பூனையாக்கிப் படம் போடுகிறார்கள் என்று சொன்னேன். பூனை நின்ற விதம், கால் நீண்ட விதம், விழுந்த விதம் எல்லாம் விளக்கினேன்.

"தம்பி, அந்தப் பூனை ஆருக்காக நிண்டது?"

"ஒருத்தருக்காகவும் இல்லை அண்ணை. சும்மா நிண்டது."

"ஆரும் பிந்தி ஓடி வரேல்லையோ?"

"இல்லை."

"அப்ப அது விசர்ப் பூனை" என்றார். பிறகு என் சீனியின் அளவைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மனிதர் விளங்கவேண்டும் என்றால் அந்த நாளைய பயணம் விளங்கவேண்டும். குடாவைச் சுற்றிப் பாலங்கள் வராத காலம். நகரத்தில் வீடும் அக்கரையில் மூதூரில் வேலையுமாக இருந்த எங்களுக்கு லோஞ்ச்தான் வழி. நான் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். காலை லோஞ்சில் போய்ப் பின்னேர லோஞ்சில் திரும்புவேன். டீசல் மணம், உரமூட்டை, கால் கட்டின கோழிகள், நித்திரையில் பாதியை வீட்டிலும் பாதியை லோஞ்சிலுமாக முடிக்கிற சனம். வருடக்கணக்காக அப்படிப் போய்வந்தால் மனிதனுக்கு ஒரு அலுப்பு வரும். படுத்து எழும்பினால் போகிற அலுப்பில்லை அது. எலும்புக்குள் உப்புப் போல இறங்கி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் நான் பிந்திவிட்டேன். துறைமுக வீதியால் ஓடி வருகிறேன், லோஞ்ச் எஞ்சின் உறுமுகிறது. போச்சு என்று நினைத்த நேரத்தில்தான் அந்தக் காட்சியைக் கண்டேன். கால்கள் மட்டும் உடம்பைக் கேட்காமல் தனியாக வளர்ந்தது போன்ற ஒரு நெட்டை மனிதர். வலக்கால் துறையின் கல்லில், இடக்கால் லோஞ்சின் விளிம்பில், ஒரு கை லோஞ்சுக் கூரைத் தூணில். பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு நின்று, மற்றக் கையால் எனக்கு மெதுவாக வரச்சொல்லிக் காட்டினார்.

"ஓடாதேங்கோ தம்பி. நடந்து வாங்கோ. நான் நிக்கிறன்தானே."

அவர் அப்படி நிற்கும்வரை லோஞ்ச் வெளிக்கிடாது. எந்த ஓட்டி ஒரு மனிதனை நடுவால் கிழித்துக்கொண்டு போவான்? நான் ஏறியபிறகுதான் அவர் வலக்காலை எடுத்தார். அன்று எனக்கு அவர் தெய்வம்.

அடுத்த நாள் நேரத்துக்கு வந்து இடம் பிடித்து இருந்தேன். அன்றும் அவர் நின்றார், வேறு யாருக்கோ. அதற்கடுத்த நாளும் நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பிந்தி வருகிறவனுக்கு மட்டும்தான் அவர் தெய்வம் என்று. நேரத்துக்கு வந்து வியர்த்துக்கொண்டு இருக்கிறவன் அவரைப் பற்றி நினைப்பதை இந்தப் பத்திரிகையில் எழுத ஏலாது.

அவர் ஒரு உரக் கடையில் கணக்குப் பார்த்தவர். துறைக்கு எல்லோருக்கும் முதல் வருவார், வேலைக்கு எல்லோருக்கும் கடைசியாகப் போவார். நங்கூரம் என்பது லோஞ்ச் சனம் வைத்த பெயர், சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கல்யாண அழைப்புக் காட் எழுத வேண்டி வந்தபோது லோஞ்ச் முழுக்க விசாரித்தேன். கிடைக்கவில்லை. கடைசியில் 'திரு. நங்கூரம் அவர்களும் குடும்பத்தினரும்' என்றே எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, எழுத்து வடிவாக இருக்கிறது என்றார்.

ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பெரிய தத்துவம் ஏதும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஆக்கள் ஓடி வாறதைப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய களிசானை, அந்த நீளக் காற்சட்டையைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. சாதாரணக் களிசான் அந்த நிற்பைத் தாங்காது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று களிசான்கள் நடுவழியில் உயிரை விட்டன. பிறகு தையல்காரரிடம் சொல்லி, கவட்டுக்குள் ஒரு துண்டுத் துணி கூடுதலாக வைத்துத் தைப்பித்தார். நடந்தால் அவருக்குப் பின்னால் இன்னொருவர் பதுங்கி வருவது போல இருக்கும். துறையடியில் வெற்றிலை விற்கிற மனுசி அவரைக் கண்டால், இந்த ஆளின் கால் இரண்டும் ஒருநாள் தனித்தனியாகத்தான் வீட்டுக்குப் போகப்போகுது என்று சொல்லிக்கொண்டே பாக்கு வெட்டும்.

யாருக்காக நிற்கலாம், யாருக்காக நிற்கக்கூடாது என்று அவருக்கு ஒரு கணக்கும் இல்லை. ஒருநாள் கடற்கரை ஓரமாக ஒருவர் கையை வீசிக்கொண்டு விழுந்தடித்து ஓடி வந்தார். நங்கூரத்தார் காலைப் பரப்பிவிட்டார். வந்தவர் துறையடிக்கு வந்தார், எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, அப்படியே கடந்து கோட்டைப் பக்கம் ஓடினார். அவருக்கு முன்னால், கீரைப் பிடி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நங்கூரத்தார் அப்போதும் காலை எடுக்கவில்லை. அந்த ஆள் திரும்பி வந்தால் ஏறக்கூடும் என்றார்.

இன்னொருநாள் நடந்தது அதைவிட மோசம். மூதூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரீச்சர் ஒருவர், நாளைக்குக் கொஞ்சம் பிந்துவேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதல்நாள் சொல்லியிருக்கிறார். மறுநாள் நங்கூரத்தார் நிற்கிறார், நிற்கிறார், வெயில் ஏறுகிறது. வீதியில் ரீச்சரைக் காணவில்லை. லோஞ்சுக்குள் குடையை விரித்து விசிறுகிறவர்கள், அலுவலக வரவுப் பதிவில் சிவப்புக் கோடு விழப்போகிறதே என்று தலையில் கை வைத்தவர்கள், இனி ஏன் அவசரம் என்று சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தவர்கள். கடைசியில் பின்பக்கத்து மூட்டைகளுக்கு இடையில் இருந்து ஒரு தலை எழும்பியது. ரீச்சர்தான். பிந்திவிடுவேனோ என்ற பயத்தில் விடியவே வந்து நித்திரையாகியிருக்கிறார்.

"ஏன் இன்னும் வெளிக்கிடேல்லை?"

"ஆரோ பிந்தி வருகினமாம் ரீச்சர்."

"என்ன சனமப்பா இதுகள்" என்றுவிட்டு ரீச்சர் மறுபடியும் சாய்ந்தார். நங்கூரத்தார் வலக்காலைக் கல்லில் இருந்து எடுத்தார்.

லோஞ்சை ஓட்டுகிற தண்டையல் மூதூர் முஸ்லிம். எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். அவருக்கும் நங்கூரத்தாருக்கும் காலையில் ஒரு சண்டை நடக்காவிட்டால் எஞ்சின் சூடாகாது என்று சொல்வோம். நானா கோபக்காரர். சுக்கானில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பாமல் ஏசுவார்.

"மனிசா, ஒருநாளைக்கு நான் எஞ்சினைப் போட்டனெண்டா ஒரு கால் இங்க, ஒரு கால் மூதூரில. எந்தக் காலை எங்க வெச்சு எரிக்கிறதெண்டு உங்கட ஆக்கள்தான் சண்டை பிடிக்கணும்."

"நானா, அங்க ஒரு பிள்ளை வருது. செருப்பு அறுந்துபோச்சுப் போல. ஒரு நிமிசம்."

"செருப்பைத் தைச்சிட்டு வரச் சொல்லுங்க. நான் பொண்டாட்டி புள்ளைய இங்க கூட்டி வந்து குடியிருக்கிறன்."

சிலநாள் அலை நானாவின் பக்கம் நிற்கும். எங்கேயாவது ஒரு பெரிய படகு போனால் அதன் அலை வந்து லோஞ்சை மெல்லத் தள்ளும். அப்போதுதான் உலகப் புகழ்பெற்ற அந்தக் காட்சி நடக்கும். கார்ட்டூன்காரர்கள் பெரும்பாலும் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். கால்கள் மெதுவாக விலகும். அவர் கீழே பார்ப்பார். பிறகு எங்களைப் பார்ப்பார். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள். எங்கள் ஆள் விழுமுன் தன் சாமான்களை ஒப்படைப்பார். சட்டைப்பையில் இருந்த பேனையை ஒருவரிடம், சாப்பாட்டுப் பார்சலை இன்னொருவரிடம், கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கிட்ட இருக்கிறவர் கையில். அதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்தது. கண்ணாடியில் கை வைத்தார் என்றால் விளிம்போரம் இருக்கிறவர்கள் நனையாமல் இருக்கக் காலைத் தூக்கிக்கொள்வார்கள். இது பழக்கமாகிவிட்டது. ஒருவரும் பத்திரிகை வாசிப்பதைக்கூட நிறுத்துவதில்லை.

நனைந்த கோழி மாதிரி ஏறி வருவார். "அந்தப் பிள்ளை ஏறிற்றுதோ?" என்பார். ஏறியிருக்கும். அதுதான் எரிச்சல்.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன்.

பெண் மூதூர்ப் பக்கம். மூதூர்த் துறைக்குக் கிட்ட இருந்த கோயில் மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை, அதைவிட்டால் அந்த மாதத்தில் வேறு நாள் இல்லை. எங்கள் இரண்டு பகுதியிலும் பெரியவர்கள் நாள் கோள் பார்ப்பதில் கறார்க்காரர். பெண்ணின் தகப்பன் முதலே சொல்லிவிட்டார், நேரம் தப்பினால் பிறகு அடுத்த வருடம்தான் பேசலாம் என்று. எனக்கு அப்போதே தலையின் முன்பக்கம் வெளிச்சமாகிவிட்டது. அடுத்த வருடம்வரை மிச்ச முடியும் நிற்குமோ தெரியாது. தனி லோஞ்ச் பேசலாம் என்றால் அந்தக் கிழமை ஒன்று பழுது, மிச்சத்தைத் தனியாகத் தரமாட்டார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வழமையான காலை லோஞ்சில், உரமூட்டைகளோடு.

எல்லோருக்கும் இருந்த ஒரே பயம் நங்கூரத்தார். என் அக்காதான் பொறுப்பெடுத்தா. அவ முதல்நாளே அவரிடம் போய், நாளைக்கு மட்டும் காலைப் பரப்பக்கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டா. அதுவும் போதாமல், லோஞ்சில் ஏறியதும் அவரை நடு வாங்குப் பலகையில் இருத்தி, இரண்டு பக்கமும் எங்கள் பருமனான மாமன்மார் இரண்டு பேரை இருத்தினா. மனிதர் அன்றைக்குப் பட்டு வேட்டி சால்வை. நல்ல பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். வீதியில் யாராவது வேகமாக நடந்தால் மட்டும் முழங்கால் துடித்தது. மாமா அதில் கை வைத்து அழுத்திக்கொண்டார்.

லோஞ்ச் கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. அப்போது தூரத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று உள்ளே வருவது தெரிந்தது. கப்பல் நுழைந்துவிட்டால், அது கட்டி முடியும்வரை சின்னப் படகுகள் அசையக்கூடாது. மத்தியானம் ஆகிவிடும். நானா அவசரப்பட்டு எஞ்சினைப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா, "தட்டு ஆரிட்ட?" என்றா.

கூறைத் தட்டு. கூறைச் சேலையும் தாலியும் அதில்தான். நடந்தது இதுதான்: வீட்டில் இருந்து புறப்படச் சோதிடர் குறித்த நல்ல நேரம் விடியவே முடிந்துவிடும். லோஞ்சோ பிறகுதான். ஆகவே நல்ல நேரத்துக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, துறையடியில் இருந்த சித்தி வீட்டில் போய்த் தங்கிக் கோப்பி குடித்தோம். தட்டைச் சித்தியின் சாமியறையில் மரியாதையாக வைத்தோம். திரும்ப எடுக்கும்போது ஆண்கள் பெண்களிடம் இருக்கிறது என்று நினைத்தார்கள். பெண்கள், அது மாப்பிள்ளைத் தோழனின் பொறுப்பு என்று நினைத்தார்கள். தோழனான என் மச்சான் லோஞ்சில் முதல் ஆளாக இடம் பிடித்து, யன்னலோரம் நித்திரை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், துறைக்குப் பாய்ந்து சித்தி வீட்டுப் பக்கம் ஓடத் தொடங்கினார். அத்தான் ஓடி அதற்குமுன் ஒருவரும் கண்டதில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

"நானா, தாலியை விட்டிட்டு வந்திட்டம்" என்றேன். தலைப்பாகையோடு எழும்பி நின்று அதைச் சொல்வது என்ன மாதிரி என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

நானா கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தக் கப்பல் முனைக்கு வருமட்டும்தான் தம்பி. அதுக்குப் பிறகு நான் நினைச்சாலும் ஏலாது." எஞ்சினை அடக்கினார். ஆனால் இழுவைப் படகுகள் கப்பலைக் கொண்டுவரப் போனதில் எழும்பிய அலை லோஞ்சைத் துறையில் இருந்து மெல்லத் தள்ளத் தொடங்கியது.

அக்கா திரும்பினா. முதல்நாள் வாக்கு வாங்கிய அதே அக்கா.

"அண்ணை, எழும்புங்கோ. போய் நில்லுங்கோ."

மாமன்மார் இரண்டு பேரையும் அவர் எப்படித் தாண்டினார் என்று நான் காணவில்லை. காணும்போது ஒரு கால் கல்லில், ஒரு கால் லோஞ்சில்.

ஏன் கயிற்றைத் திரும்பக் கட்டவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மூதூரில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஒருவருக்கும், நானா உட்பட, கயிற்றின் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடமாக அவரைக் கட்டித்தானே லோஞ்சை நிறுத்தினோம்.

அடுத்தடுத்து அலை வந்தது. கால்கள் விலகின. வழமையாக விழுகிற கட்டத்தைத் தாண்டியும் அவர் விழவில்லை. உடம்பைச் சரித்து, இரண்டு கையாலும் லோஞ்சின் விளிம்பைப் பிடித்து, இரண்டு கால் விரல்களையும் கல்லில் ஊன்றிக்கொண்டார். கடலுக்கு மேல் குப்புறக் கிடந்தார் மனிதர், துணி காயப்போடுகிற கொடி மாதிரி. பட்டு வேட்டி கழன்று தண்ணீரில் விழுந்து, மெதுவாக விரிந்து, துறைமுகத்தைப் பார்க்கக் கிளம்பியது. பெண்களுக்கு முகத்தைத் திருப்பத் தேவைப்படவில்லை. வேட்டிக்குள் அந்தக் களிசான், முழங்கால்வரை மடித்துவிட்டபடி.

"வாக்குத் தந்தீங்களே அண்ணை" என்றா அக்கா, அந்த அந்தரத்திலும்.

"தந்தனான்தான் பிள்ளை. ஆனா உங்கட ஆக்களை எனக்குத் தெரியுமே" என்றார் தண்ணீரைப் பார்த்தபடி.

அத்தான் தட்டோடு வந்து சேர்ந்தார். கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. நாங்கள் இங்கிருந்து நீட்டினோம், எட்டவில்லை. நானா, கப்பல் முனைக்கு வந்துவிட்டது என்றார். அதை அவர் ஏசாமல், மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தத் தட்டுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு முதுகு மட்டும்தான்.

"முதுகில வையுங்கோ" என்றார் நங்கூரத்தார்.

அத்தான் குனிந்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பது போல, தட்டை அவர் இடுப்பில் வைத்தார். பிறகு ஒரு தடியால் மெல்லத் தள்ளினார்.

"கெதியாத் தள்ளுங்கோ. கூசுது."

தட்டு இடுப்பில் இருந்து முதுகுக்கு வந்தது. முதுகில் இருந்து தோளுக்கு வந்தது. ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் உருண்டு கடலுக்குப் போனது. நான் விளிம்பில் படுத்துத் தட்டைப் பிடித்து இழுத்தேன். தாலி இருந்தது, கூறை இருந்தது. நிமிர்ந்தபோது அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே, நரம்பெல்லாம் புடைத்து.

"தம்பி, என்ர ரெண்டு கையும் வேலையா இருக்கு. கண்ணாடியைக் கழட்டுங்கோ."

கழற்றினேன். அவர் கீழே ஒருதரம் பார்த்தார். எங்களை ஒருதரம் பார்த்தார். பிறகு விழுந்தார்.

எழும்பி வந்ததும் துறையின் டயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நானா இருந்த பக்கம் பார்த்துக் கையை வீசினார். "போங்கோ, போங்கோ. எனக்காக நிக்காதேங்கோ. நான் அடுத்ததில வாறன்." லோஞ்ச் சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அவர் வாயில் இருந்து போங்கோ என்ற சொல்லை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

கப்பலுக்கு முன்னால் நானா லோஞ்சை எப்படி எடுத்தார் என்பது தனிக் கதை. முகூர்த்தம் முடியுமுன் தாலி கட்டினேன். கல்யாணப் படத்தில் என் இடுப்பில் ஒரு புடைப்புத் தெரியும். நகைப்பெட்டி என்று பெண் வீட்டார் கனநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அவருடைய கண்ணாடி.

பந்தி தொடங்கியது. எனக்கு முதல்நாள் இரவில் இருந்து வயிறு காலி. ஆனாலும் கண் அடிக்கடி வாசலுக்குப் போனது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் எனக்கும் அதுவரை ஒழுங்காக ஒரு கதை கிடையாது.

"ஆரைப் பாக்கிறியள்?" என்றாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

சொன்னேன். முழுதும் சொன்னேன். மான், ரீச்சர், களிசான், கூச்சம் எல்லாம். அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, அவர் வந்தபிறகு சாப்பிடலாம் என்றாள். மாமியார் வந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் இந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று நின்றா. "பசிக்கேல்லை அம்மா" என்றாள். அவளுடைய வயிறு உறுமியது எனக்குக் கேட்டது.

அவர் மத்தியானத்துக்குப் பிறகுதான், கரையில் நின்றுவிட்ட அத்தானோடு வந்து சேர்ந்தார், அத்தானின் சாரத்தைக் கட்டிக்கொண்டு. கண்ணாடி இல்லாதபடியால் முதலில் நாதஸ்வரக்காரரைக் கட்டிப்பிடித்து, பதினாறும் பெற்று வாழவேண்டும் என்று வாழ்த்தினார். நாதஸ்வரக்காரர், ஏற்கனவே ஏழு இருக்கிறது ஐயா என்றார். கண்ணாடியைக் கொடுத்து அழைத்துவந்து இருத்தினோம். ஆறிப்போன சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம். குடாவின் நீரோட்டம் கொஞ்சம் குளிர் என்றார் நங்கூரத்தார்.

பின்னேரமாகிவிட்டது. நகரத்துக்குத் திரும்புகிற கடைசி லோஞ்சின் நேரம். எங்கள் ஆட்கள் மூட்டை முடிச்சோடு துறைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நங்கூரத்தார் மண்டபத்து மூலையில் ஒரு கதிரையில் சாய்ந்து, நீண்ட கால்களை முன்னால் போட்டு, வாய் திறந்தபடி நித்திரை. யாரோ ஒரு சால்வையால் அவரைப் போர்த்தியிருந்தார்கள்.

அக்கா எழுப்பப் போனா. அப்போது வாசலில் நானா வந்து நின்றார். லோஞ்சை விட்டு அவர் மேலே ஏறி வந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

"நேரம் போகுது என்ன நானா, இந்தா எழுப்பிறன்" என்றா அக்கா.

நானா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எழுப்பாதீங்க. படுக்கட்டும்."

"லோஞ்சில சனம் இருக்குதுகளே?"

"ஓம், இருக்குதுகள். இருக்கட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வாசற்படியில் குந்தினார். என் மனைவி ஒரு பிளேன்ரீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை ஊதி ஊதி, இடையிடையே மூலைக் கதிரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் குடித்தார்.